திருப்பிப் போட்ட கல்யாணப் பைகள்

இன்று காலை பிளாஸ்டிக் கேரி பேக் கட்டைப் பிரித்தேன். பிளேடால் ஓரத்தைக் கீறியதுமே அந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. நீங்கள் இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் போய் நின்றிருப்பீர்கள். அங்கே நின்றபடியே என்னையும் ஒரு பாட்டம் ஏசியிருப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் நம் பலசரக்குக் கடையை இத்தனை நாள் இது இல்லாமல்தான் நடத்தினேன். இனி முடியவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு ஐப்பசி மழையில் சாக்கடை அடைத்து, கடைக்குள் தண்ணீர் ஏறி, அரிசி மூட்டைகள் நனைந்ததே, அன்றைக்குத்தான் உங்களுக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடைக்குள் கையை விட்டு இழுத்தீர்கள். பை பையாக வந்தது. "ஏட்டி, பூரா நாம குடுத்தது" என்றீர்கள். தெருவில் எல்லாக் கடைக்காரர்களும்தான் கொடுத்தார்கள். நாம் மட்டுமே சங்கரன்கோவில் சாக்கடை பூராவையும் அடைத்துவிட்ட மாதிரி நீங்கள் வாடிப்போய் உட்கார்ந்திருந்தீர்கள்.

பிறகு பிளாஸ்டிக் பைக்குத் தடைச் சட்டம் வந்தது. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் தெருவே பயந்தது. அப்புறம் அவரவர் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் கொடுத்தார்கள். "சட்டமே வந்தாச்சு. இனி எல்லாரும் மாறித்தான ஆவணும்?" என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பைகள் எல்லார் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் சும்மா தொங்குகின்றன என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். வருகிறவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கினீர்கள். நான் துவைத்தேன். வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு அதில் சாமானைப் போட்டு, அடுத்த முறை வரும்போது பையைத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாசச் சாமான் வாங்க வரும் அந்த அக்காவுக்கு அன்றைக்கு அடுக்கில் மேலாக இருந்த பையை எடுத்துக் கொடுத்தீர்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போன அவள் திரும்பி வந்தாள். பருப்பு, புளி, மல்லி எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டிவிட்டுப் பையை விரித்துக் காட்டினாள். அவள் மகள் பெயர், அருகில் மாப்பிள்ளை பெயர், மேலே இரண்டு மயில். அந்தப் பெண் வாழாமல் வீட்டுக்கு வந்து வெகுநாளாகிவிட்டது என்பது ஊருக்கே தெரியும். "பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு இதை வாசிக்காவ அண்ணாச்சி. நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். அதன் பிறகு அவள் நம் கடைப் பக்கமே வரவில்லை.

அன்று மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்து எல்லாப் பைகளையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினோம். பெயர் மறைந்தது, தையல் வெளியே வந்தது, நூல் தொங்கியது. மறுநாளே ஒருவர், "என்ன அண்ணாச்சி, கிழிஞ்ச பையைக் குடுக்கிய?" என்றார். எனக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. நீங்கள் சிரிக்கவில்லை. கொண்டுபோனவர்கள் திருப்பித் தருவதும் குறைந்து, பைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன.

அதற்குப் பிறகு நம் கடையைத் தின்றது ஒரே பேச்சுத்தான். "பை இல்லையா? அப்ப இருக்கட்டும்." நிறுத்துக் கட்டிய சாமானை மேசையிலேயே விட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போவார்கள். நீங்கள் பொறுமையாக அதைப் பிரித்துச் சீனியை டப்பாவில் கொட்டுவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விழிப்புணர்வு ஊர்வலத்தில் மஞ்சப்பை பிடித்து முன்னால் போன டீச்சரம்மாவே மறுவாரம் வெறுங்கையோடு வந்து நின்றாளே, அவளிடமும் சிரித்துப் பேசினீர்கள். அந்தப் பொறுமை என்னிடம் இல்லை.

நம் மகள் படிப்பு இந்தக் கடையை நம்பித்தான் இருக்கிறது. போன மாதம் அவளே சொல்லிவிட்டாள்: "எம்மா, அப்பாவுக்காகக் கடையை மூடிராத." அதற்குமேல் என்ன செய்வேன்?

இன்று முழுவதும் ஒரு பயத்தோடு இருந்தேன். அண்ணாச்சி கடையில் கேரி பேக்கா என்று யாராவது கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் தயார் செய்திருந்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீட்டினேன், வாங்கினார்கள், போனார்கள். நீங்கள் இத்தனை வருஷம் மல்லுக்கட்டியது யாருக்கும் ஞாபகமே இல்லை. வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது.

நீங்கள் தராசில் கை வைக்குமுன் கேட்பீர்களே, "பை கொண்டாந்தியளா?" என்று, அது மட்டும் என் வாயைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. இன்றும் வந்தவர்கள் அத்தனை பேரிடமும் கேட்டேன். இல்லை என்றார்கள். நாளைக்கும் இல்லை என்பார்கள். கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.