கிழிசலின் முட்டைகள்

6 அக்டோபர், ஞாயிறு

கிழிசலைக் கண்டுபிடித்துவிட்டோம்! போன வருடம் பார்த்த அதே ஆண் கடல் டிராகன், கடல்குதிரைக்குச் சொந்தக்கார மீன். உடம்பில் இலை மாதிரித் தொங்கும் மடல்களில் ஒன்று கிழிந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். அதே பாறை, கெல்ப் என்னும் கடற்பாசிக் காட்டின் விளிம்பு, இருபத்திரண்டு மீட்டர் ஆழம். வாலடியில் வரிசை வரிசையாக இளஞ்சிவப்பு முட்டைகள். இந்த இனத்தில் சுமப்பது அப்பன்தான். ஞாயிறுதோறும் என்னோடு முக்குளிக்கும் மெரின் தண்ணீருக்குள்ளேயே என் கையைப் பிடித்து ஆட்டினாள். பன்னிரண்டு டிகிரிக் குளிர்; அவள் ஆட்டாவிட்டாலும் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மேலே வந்ததும் இருமல். கையுறையில் துப்பினால் லேசான சிவப்பு. படகு ஓட்டும் டார்சி பார்த்துவிட்டான். "என்னய்யா லெஸ், மூக்கு உடைஞ்சிருச்சா? அறுபது வயசுல உனக்கெல்லாம் எதுக்கு ஆழம்?"

மாஸ்க் அழுத்தி மூக்கில் ரத்தம் கசிவது எங்களுக்குத் தடுமன் மாதிரி. யாரும் பொருட்படுத்துவதில்லை. நானும்தான்.

13 அக்டோபர், ஞாயிறு

பலத்த காற்று. படகு இறக்கவில்லை. என் மனைவி ஜில் என்னை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும்தான். இன்று நான் மனிதரிடம் பேசியது ஒரே வார்த்தை: ரொட்டிக் கடைப் பெண்ணிடம் "நன்றி".

20 அக்டோபர், ஞாயிறு

கிழிசல் நலம். முட்டைகள் அப்படியே இருக்கின்றன.

நான்தான் சரியில்லை. இறங்கிய கால் மணி நேரத்தில் மூச்சு போதவில்லை. சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் வழியே அல்ல, ஈரத் துணி வழியே இழுப்பது போல. நெஞ்சுக்குள் ஏதோ களகளவென்றது. மேலே வந்து இருமினால் நுரை. இளஞ்சிவப்பு நுரை. மூக்கு ரத்தம் நுரைக்குமா? படகின் மறுபக்கம் திரும்பி, கையுறையைக் கடலில் அலசிவிட்டேன்.

"உன் ரெகுலேட்டர்ல தண்ணி கசியுது போல. வாயில கவ்வுற ரப்பர மாத்து, கஞ்சப் பயலே," என்றாள் மெரின்.

மாற்றினேன், புத்தம் புதுசாக. யாரை ஏமாற்ற?

22 அக்டோபர்

படித்தேன். படித்திருக்கவே கூடாது. வயதானவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சிலருக்கு குளிர்ந்த நீரின் அழுத்தத்தில் நுரையீரலுக்குள் நீர் ஊறுமாம். கடல் நீர் இல்லை, சொந்த உடம்பின் நீர். மேலே வந்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் ஒரு முறை வந்தவர்கள் மறுபடி இறங்கக் கூடாது.

31-ஆம் தேதி டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

30 அக்டோபர்

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். டிசம்பர் தொடக்கத்தில் முட்டைகள் பொரிந்துவிடும். பிறகு போய்க்கொள்ளலாம். ஞாயிறும் போய்விட்டால் எனக்கு என்னதான் மிச்சம்?

3 நவம்பர், ஞாயிறு

மெரினுக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்தொன்பது வருடமாக, இறங்குவதற்கு முன்பு என் கண்ணைப் பார்த்துக் கேட்பாள்: "சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?" பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூடத்தைப் பார்த்துக்கொள்பவள், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள். ஒரு முறை, ராத்திரி குடித்தது இன்னும் இறங்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன். என்னை இறங்க விடவில்லை. அவளும் இறங்கவில்லை. மூவரும் படகிலேயே உட்கார்ந்து டார்சி கட்டிவந்த ஆட்டுக்கறி சாண்ட்விச்சைத் தின்று தீர்த்தோம்.

இன்றும் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

நுரை வந்தது. முதல் நாள் ரத்தத்தையும் சேர்த்தால் மூன்றாவது முறை. கொஞ்சம்தான்.

14 நவம்பர், மருத்துவமனை

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு. அவள் கேட்டாள், நான் இல்லை என்றேன். காலையில் ஒரு முறை, மதியம் இன்னொரு முறை இறங்கினோம். இரண்டாவதில், முட்டைகளுக்குள் கண் தெரிகிறது என்று அவள் விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு அடைத்தது. முழுசாக அடைத்தது. ரெகுலேட்டரில் காற்று வருகிறது, உள்ளே போக இடமில்லை. மேலே பாய்ந்தேன்.

மெரின் என் வார்ப்பட்டையைப் பிடித்தாள். வேகத்தைக் குறைக்கப் பார்த்தாள். அவ்வளவு ஆழத்திலிருந்து சர்ரென்று ஏறினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் கையை விட்டிருக்கலாம். விடவில்லை, என்னோடு மேலே வந்தாள்.

படகில் நான் நுரை கக்கிக்கொண்டிருந்தேன். டார்சி ஆக்ஸிஜனை என் முகத்தில் வைத்தான். அவள்தான் வைக்கச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்ல, கால் குளிர்ல மரத்துப் போச்சு, அவ்வளவுதான். அவனைப் பாரு."

குளிர் இல்லை. ரத்தத்தில் காற்றுக் குமிழி, முதுகுத்தண்டில் அடைத்திருக்கிறது. குமிழியைக் கரைக்கும் அழுத்த அறையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில்தான் படுக்க வைத்தார்கள். நான் நடந்து வெளியே வந்தேன்.

ஐயோ, ஏன்டா சொல்லல? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல என்னடா கேடு?

24 நவம்பர், ஞாயிறு

விபத்துப் படிவம் வந்தது. "இதற்கு முன் அறிகுறிகள் இருந்தனவா?" இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மெரினுக்குக் கால்கள் திரும்பாது என்று டார்சி சொன்னான்.

1 டிசம்பர், ஞாயிறு

டார்சி வேறொருவரோடு போய்ப் படம் எடுத்து வந்தான். கிழிசலின் வால் வெறுமையாக இருக்கிறது, முட்டை இருந்த குழிகள் மட்டும். மெரினிடம் கொண்டுபோனேன். "பொரிஞ்சிருச்சு!" என்று சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "விசாரணைக்கு வந்தவங்க சொன்னாங்க, உனக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கியாமே." பிறகு என் கண்ணைப் பார்த்து, படகில் கேட்கும் அதே குரலில்: "சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

சொன்னேன்.

"எத்தனை தடவை?"

"மூணு."

படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சொல்லியிருந்தா படகுலயே உக்காந்திருப்போம்டா. சாண்ட்விச்ச தின்னுட்டு வீட்டுக்குப் போயிருப்போம்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். பின்னாலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

3 டிசம்பர்

படிவத்தைத் திருத்தி அனுப்பினேன்.

8 டிசம்பர், ஞாயிறு

ஆட்டுக்கறி சாண்ட்விச் இரண்டு கட்டிக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தாள். "மெரின் மேடத்தைப் பாக்க வர்றவங்கள்ல உங்க பேர் இல்லையே சார். போன வாரம் இருந்துச்சு." பாவம், தன் தவறு போலச் சங்கடப்பட்டாள்.

வண்டியில் உட்கார்ந்து இரண்டையும் நானே தின்றேன்.

இன்று பேசியது: "பரவாயில்லம்மா."