வேலியோரத்து ஒற்றைச் செடி

சேவூர்,
12.6.2024

அமராவதிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போன தங்கச்சியை விசாரிக்க எனக்கென்ன வந்தது? சர்வேயர் கல் நட்டதில் என் கெய் ஆப்பிள் வேலியில் ஒரு செடி உன் பக்கம் விழுந்துவிட்டது. ஆப்பிரிக்கக் காட்டுச் செடி, விரல் நீளம் முள். என் பக்கத்து நாற்பதும் மஞ்சள் மஞ்சளாய்க் காய்க்கிறது. அது ஒரு பிஞ்சுகூட விட்டதில்லை, என் காரைக் கீறுவதோடு சரி. ஒரு மாதத்துக்குள் வெட்டு. இல்லாவிட்டால் வக்கீல் எழுதுவார்.

மகுடேஸ்வரன்

திருப்பூர்,
20.6.2024

அண்ணாவுக்கு,

போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டு முள்ளுக்கு மட்டும் லெட்டர் போடுகிறீர்களா? நல்ல கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு இந்தச் சனியனை வைத்தது நானா?

வெட்டிவிடுகிறேன். ஆவணியில் தேஜஸ்ரீக்குக் கல்யாணம். என் மகளுக்குத் தாய்மாமனாக நிற்க உங்களை விட்டால் எனக்குக் கூடப்பிறந்தவர் யார் இருக்கிறார்கள்? என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்க. அவளுக்காக வாங்க.

அமராவதி

சேவூர்,
28.6.2024

அமராவதிக்கு,

செடியைக் கேட்டால் சீரைப் பற்றி எழுதுகிறாய். கோர்ட்டில் பங்கு வாங்கினாயே, மாமனையும் அங்கேயே வாங்கிக்கொள். நான் வர மாட்டேன்.

மகுடேஸ்வரன்

சேவூர்,
15.5.2025

அன்புள்ள அம்மணிக்கு,

நல்லாயிருக்கிறாயா? தேஜு சுகமா?

இந்த வருஷம் வேலி முழுக்கப் பூத்தும் ஒரு காய் இல்லை. நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாப்பதும் பொட்டைச் செடிங்க. பக்கத்துல ஆண் செடி ஒண்ணு இருந்திருக்கோணுமே?" என்றார். நான் வெட்டச் சொன்னது அதைத்தான். பனியன் கம்பெனியை மூடிய பிறகு இந்தப் பழத்தை நம்பித்தான் ஜாம்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். புதுக் கன்று பூக்க நாலைந்து வருஷமாகும். அடிக்கட்டை இருந்தால் துளிர்க்க விடு, கண்ணு. அண்ணன் கேட்கிறேன்.

மகுடேஸ்வரன்

திருப்பூர்,
24.5.2025

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். தேஜு மாசமாக இருக்கிறாள்.

ஆடி முதல் வாரமே செடியை வெட்டினேன். கொஞ்ச நாளில் அடிக்கட்டை துளிர்த்தது. "இதையும் எடுத்துரலாங்களா?" என்று ஆள் கேட்டார். விடுங்க என்றேன். கல்யாணத்துக்குள் உங்கள் கோபம் தணிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. முகூர்த்தத்தன்று மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா வருவாராம்மா?" என்று தேஜு மூன்று தடவை கேட்டாள். கடைசியில் பெரியப்பா மகன் தனபால் அண்ணன்தான் மாமனாக நின்றார்.

மறுநாள் ஜேசிபி வைத்து வேரோடு எடுத்தாச்சு. அந்த இடத்தில் இப்போது காம்பவுண்ட் சுவர் நிற்கிறது.

அமராவதி