குரலுக்கு விழுந்த ஓட்டு

அன்பு மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்றுதான் உனக்குத் திதி கொடுத்தார்கள். இத்தனை நாள் உன்னிடம் சொல்லத் துணியாததை இன்று எழுதியே சொல்லிவிடுகிறேன். பேரூராட்சித் தேர்தலில் நீ நம் வார்டில் நின்றபோது, நான் உனக்கு ஓட்டுப் போடவில்லை.

எல்லாம் உன் குரலால் வந்தது. பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு வாங்கப் போனால்கூட உன்னைப் பின்னால் நிறுத்திவிட்டு நான்தான் பேசுவேன். பிரச்சார ஆட்டோவில் ஏறி, எந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நீ ஒவ்வொன்றாகத்தான் சொன்னாய். மைக்கில் அது கீச்சுக் கீச்சென்று கேட்டது. உன்னை எதிர்த்து நின்றவரோ "வணக்கமுங்க" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சொல் சொன்னார், எனக்கே கை கூப்பத் தோன்றியது. இந்தக் குரல் போய்க் கேட்டால் அதிகாரி எழுந்து நிற்பார், உன் குரலுக்கு நிமிர்ந்தாவது பார்ப்பாரா என்று நினைத்தேன். அவர் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

நீ ஒரே ஓட்டில் தோற்றாய். கவிழ்த்தவன் யார் என்று தெருவே தேடியது. அதில் அதிகம் கத்தியவன் நான். "விடு மச்சான், அவனுக்கு என்ன தோணுச்சோ" என்று நீ மட்டும் தலையைக் குனிந்துகொண்டாய். உனக்குத் தெரிந்துவிட்டதோ? அதே நினைப்பாக இத்தனை நாள் கிடந்தேன்.

ஜெயித்தவர் என்ன செய்தார் என்கிறாயா? சாக்கடை அப்படியேதான் இருக்கிறது. போய்க் கேட்டால் "பாத்துக்கலாமுங்க" என்கிறார். இப்போதும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று திதி முடிந்து இலையில் உட்கார்ந்தபோது, பொறுக்க முடியாமல் உன் மனைவி சரஸ்வதியிடம் சொல்லிவிட்டேன். "அம்மணி, அந்த ஒத்தை ஓட்டு நான்தான்." பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்கண்ணா, நீங்களுமா? அவரே அவருக்குப் போடலீங்க! ஆட்டோவுல அவரு பேச்சை அவரே கேட்டுப்போட்டு, 'இந்தக் குரலுக்கு எவன் பயப்படுவான் கண்ணு'ன்னு அந்தாளுக்கே போட்டுட்டு வந்துட்டாரு. 'மச்சானுக்குத் தெரிஞ்சா திட்டுவான், சொல்லிப்போடாதே'ன்னாருங்க."

அடப்பாவி! என் திட்டுக்கா பயந்தாய்? வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். நெஞ்சு லேசாகிப்போய், ரசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த முறை வார்டுக்குச் சரஸ்வதி நிற்கிறாள். அவள் குரல் உன்னுடையதைவிட மெல்லிசு. காதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போயாவது அவளுக்குத்தான் போடுவேன். அவளும் அவளுக்கே போடுவாள், சத்தியம் வாங்கிவிட்டேன்.

உன் மச்சான்,
வேலுச்சாமி