மலை ஏறாத பக்தர்கள்

திங்கள், ஆடி 12

வெயில், புழுக்கம். வடமாலபேட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். திருத்தணியில் காவடி முடித்துவிட்டுத் திருப்பதிக்கு வரும் கூட்டம். நான் கவுண்டர் பார்க்கும் லாட்ஜில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

வாங்க: கொசுவத்தி, 6-ஆம் ரூமுக்குக் குழாய், மல்லிகா கண்ணாடிக்கு மூக்குத்தாங்கி.

மாலை சென்னையிலிருந்து ஒரு வக்கீலம்மா. கூட செல்வம் என்று ஒரு கூலி ஆள், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். வெள்ளிக்கிழமை கெஸ்ட் ஹவுசில் மனித உரிமை விசாரணைக் குழு உட்காருகிறது, அங்கே சாட்சி சொல்ல வந்திருக்கிறான். பாலம் வேலை என்று ஏஜென்ட் கூட்டிப்போய்க் காட்டில் செம்மரம் வெட்ட விட்டானாம். போலீஸ் சொன்னதாகப் பேப்பரில் வந்ததுதான்: கூலிகள் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம். கவுண்டரில் நின்று செல்வம் சொன்னது வேறு.

"கூட வந்தவங்கள புடிச்சி, கைய கட்டி, உக்கார வெச்சிட்டு அப்பறம் சுட்டாங்கண்ணா. போலீசு டிரஸ் இல்ல. லுங்கி, டீ சர்ட்டு. துப்பாக்கி மட்டும் சர்க்கார் துப்பாக்கி."

வெளிக்குப் போயிருந்ததால் இவன் தப்பினான். கட்டிப்போட்டதைப் பார்த்தவன் உயிரோடு இவன் ஒருத்தன்தான். யூனிபாரம் இல்லாமல் அப்படி ஒரு படையே கிடையாது என்கிறது சர்க்கார். அவனுக்கு 9-ஆம் ரூம், வக்கீலம்மாவுக்குப் பக்கத்து ரூம் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் உறைத்தது. எதிரில் 11-ஆம் ரூம்.

செவ்வாய்

11-ஆம் ரூம்காரர்கள் மூன்று பேர். சனிக்கிழமை வந்தார்கள், தரிசனத்துக்காம். இன்னும் மலை ஏறவில்லை. ஒருத்தன் தலையிலும் மொட்டை இல்லை, ஒரு லட்டு கண்ணில் படவில்லை. சைவ லாட்ஜ் என்று போர்டு தொங்குகிறது, சிக்கன் பிரியாணி போகிறது உள்ளே. கொண்டுவந்து கொடுப்பது யார்? நம்ம ஸ்டேஷன் கான்ஸ்டபிள்! அதுவும் யூனிபாரத்தில், மாமியார் வீட்டுக்கு வருகிறவன் மாதிரி பையோடு.

வீட்டில் மல்லிகா என்னைச் சந்தேகப் பிராணி என்கிறாள். காஸ் சிலிண்டர்காரன் சிரித்தாலும் ஏன் சிரித்தான் என்று யோசிக்கிறவன்தான் நான். சரி. ஆனால் பெருக்குகிற ரங்கம்மா சந்தேகப் பிராணி இல்லையே. அவள் சொன்னாள்:

"கட்டிலு கீய போர்வை சுத்தி நீட்டா என்னமோ வெச்சிக்கினு கீறாங்க சார். தொடப்பம் பட்டா டங்குனு சத்தம். பெருக்காத, போன்னு வெரட்டிட்டாங்க."

முதலாளியிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏமய்யா, நீ ரூம் கொடுக்கிறவனா, சிஐடியா? ஸ்டேஷன் கெஸ்ட். நோரு மூஸ்கோ." வாயை மூடு என்று. மூடினேன்.

முழுக்க மூடவும் முடியவில்லை. வக்கீலம்மாவிடம் போய், "மேல தண்ணி சரியா வராதும்மா, வேற லாட்ஜ் பார்த்துக்கங்களேன்" என்றேன். சிரித்தார். "ஒரு பக்கெட் போதும் சார்." தண்ணீர் இல்லையாம்! வாயில் வந்தது இதுதானா? எதிர் ரூமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

புதன்

தூறல். முதல் பஸ்ஸுக்கே வந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவோடுதான்.

பால் பாக்கெட் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். செல்வம் படியிறங்கி வந்தான், தோளில் துண்டு. கூடவே 11-ஆம் ரூமில் ஒருத்தன். அவன் தமிழ் பேசுகிறான்! அதுவும் நம்ம பக்கத்துத் தமிழ். "வா நைனா, குளிச்சிட்டு வந்துடலாம்" என்று தோளில் கை போட்டிருக்கிறான்.

கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெடும். எங்கள் வீடுகளில் பேச்சு வரும்போதே வந்த பழக்கம். சொல்ல வந்தவன் வாய் பழக்கப்படியே போகிறது. "தூரமா?" என்றேன்.

"கிட்டதாண்ணா. தோ வந்துடறேன்."

போய்விட்டான். செருப்புகூடப் போடவில்லை.

பத்து மணிக்கும் வரவில்லை. வக்கீலம்மா ஓடிவந்தார். அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன்: பிரியாணி, கான்ஸ்டபிள், கட்டில். "எங்க போறேன்னு கேட்டீங்களா?" "கேக்கலம்மா. கெளம்பறவங்கள எங்களுக்குள்ள கேக்க மாட்டோம்." அவர் என்னைப் பார்த்த பார்வை! திட்டியிருந்தால் தேவலை.

மாடிக்கு ஓடினோம். 11 காலி. கட்டிலுக்கு அடியில் கோழி எலும்புத் துண்டுகள் மட்டும். குளிக்கப் போனானே என்று கபில தீர்த்தம் வரை ஆட்டோவில் போய்த் தேடினோம். ஸ்டேஷனில் புகார் வாங்கவில்லை. "கூலி ஆள்தானே மேடம், எங்காவது குடிச்சிட்டுப் படுத்திருப்பான்." சொன்னது அதே கான்ஸ்டபிள். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

வியாழன்

காலையிலும் செல்வத்தைப் பற்றித் தகவல் இல்லை.

மதியம் செல்வத்தின் மனைவி பச்சையம்மா புத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அழவில்லை. 9-ஆம் ரூமில் அவன் செருப்பை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நேற்று நடந்ததைச் சொன்னேன். கேட்காமல் விட்டதையும் சொன்னேன்.

"நானும்தான் கேக்கல. பாலம் வேலன்னாரு. பெங்களூரா, பாகாலாவான்னுகூட கேக்கல. கெளம்பற நேரத்துல எதுக்குன்னு வுட்டுட்டேன்." அப்புறம், "அவரு சொல்ல வந்தது போச்சி. நீங்க பாத்தத நீங்க சொல்லுங்கண்ணா."

நான் சாட்சி சொல்லப்போவது முதலாளிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "போ. சொல்லு. திரும்பி இங்கே வராதே."

வீட்டில் மல்லிகாவிடம் சொன்னேன். குழம்புக் கரண்டியோடு நின்றாள். "பயமா கீது. நெஜமாவே பயமா கீது" என்றாள். எனக்கும்தான். ஆனால் அந்தப் பையன் என்னை அண்ணா என்றான்.

வெள்ளி

கெஸ்ட் ஹவுஸ் வராந்தா. பெஞ்சில் பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள், ஒரு டைப்பிஸ்ட். தெலுங்கில் கேள்வி, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் என் பதில். எல்லாம் சொன்னேன். டைப் அடித்ததைப் படித்துக் காட்டினார்கள்: 'அடையாளம் தெரியாத நபர் ஒருவருடன் சென்றார்.'

"அடையாளம் தெரியும் சார். எங்க லாட்ஜ், 11-ஆம் ரூம். கான்ஸ்டபிள் சாப்பாடு கொண்டுவந்தார்."

"பேரு தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ அடையாளம் தெரியாதவர்தானே?"

காகிதத்தைத் தள்ளி வைத்தேன். கோபம் வந்துவிட்டது. "கான்ஸ்டபிளுக்குத் தெரியும், அவரைக் கூப்பிடுங்க. அவரையும் சேர்த்து டைப் அடிங்க. இல்லாட்டி கையெழுத்துப் போட மாட்டேன்." நானா பேசினேன்?

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். வக்கீலம்மா உள்ளே சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். டைப் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

கேட்டுக்கு வெளியே வெள்ளை ஜீப், நம்பர் பிளேட் கிடையாது. காலையில் இல்லை. உள்ளே இருப்பவர்கள் முகம் தெரியவில்லை, ஒருத்தன் பீடி பிடிக்கிறான். தலை நிமிரும்போதெல்லாம் எழுத்து கோணுகிறது.

பச்சையம்மா எழுந்து போய் வராந்தாப் படியில், கேட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மடியில் அந்தப் பை. திரும்பாமலே சொல்கிறாள்:

"நீங்க எய்துங்கண்ணா. நான் பாத்துக்கினு கீறேன்."