கைக்குக் கீழே வாய்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஐப்பசி 9

அன்புள்ள இளவரசிக்கு,

இங்கே அம்மா, தீபிகா, நான் மூவரும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல் கேட்கவில்லை. காரணம் பின்னால் வருகிறது. போனில் பேசினால் குரல் உயர்ந்து அம்மா காதில் விழும். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நம் தீபிகாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மழை ஈரத்தில் தறி இரண்டு நாள் நின்றது. சேலையில் முந்தானை மட்டும் பாக்கி.

ஏனாத்தூரில் ஜப்பானிய வகுப்பு நன்றாகவே போகிறது. அந்தச் சித்திர எழுத்துகளை வெறுமனே மனப்பாடம் செய்தால் என் மண்டையில் நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டுகிறேன். கூரைக்குக் கீழே பெண் இருந்தால் நிம்மதி என்று அர்த்தம். என் பெண்டாட்டி உங்கள் ஜப்பானில் இருக்கிறாளே, எனக்கேது நிம்மதி என்று ஆசிரியரிடம் கேட்டேன். வகுப்பே சிரித்தது. கைக்குக் கீழே வாய் இருந்தால் வலது, அதாவது சோறு உண்ணும் கை. இதை நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பார்த்து, “பொண்ணு சால்வ போத்திக்கினு ஜம்முனு இருக்குதுபா” என்று அம்மாவுக்குப் பெருமை. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். சேலைப் புட்டாவில் ஓர் இழை தவறினாலும் கண்டுபிடிக்கிறவன் நான். நீ படத்தின் ஓரத்தை வெட்டியும் தப்பிய அட்டை ஒன்று, நோயாளிக்கு மாட்டுவது போல, உன் பின்னால் சுவரில் இருந்தது. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை உனக்கு. யாரோ ஒரு பாட்டியுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே உன் பெயர். அதன் கீழே, வாயோடு கை. அடுத்து வெறும் கை. அடுத்து கூரையும் பெண்ணும். கடைசி எழுத்தை இன்னும் படிக்கவில்லை, அகராதியில் தேடினேன். நிம்மதியோடு அது சேர்ந்தால் அசையாத ஓய்வு. வலது கையை அசைக்கக் கூடாதாம்.

பத்து நாளாக நீ டைப் செய்யாமல் குரலை மட்டும் அனுப்பியதும், படத்தில் சால்வை போர்த்தியதும் ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகம். அன்று முழுக்கத் தறியில் நாடாவைத் தொடவில்லை.

விழுந்தாயா? யாரையாவது தூக்கும்போது பிசகியதா? எலும்பா? டிசம்பர் பரீட்சை எழுதி, தேறி, நான் அங்கே வந்து சேரும்வரை உனக்குத் தலைவாரிவிட யார் இருக்கிறார்கள்? திரும்பி வருவதானால் வா. இங்கே ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

காமாட்சி துணையிருப்பாள். இனிமேல் படத்தை வெட்டி அனுப்பாதே. கட்டுப் போட்ட கையையே அனுப்பு, பார்க்கிறேன்.

உன்
உமாபதி