லாபம், ரெண்டு, மூணு

ஜூலை 7

அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டேன், அனுப்பிவிட்டேன். கால் தரையில் பாவ மாட்டேன் என்கிறது. குடோனிலிருந்து வரும்போது பழம்பொரி வாங்கித் தின்றுகொண்டே எங்கள் தெருவைத் தாண்டிச் சுள்ளிக்கல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

விஷயம் இதுதான். மட்டாஞ்சேரியில் நான் மிளகு பொறுக்கும் குடோனில், மழையில் நனைந்து பூசணம் பூத்த மூட்டைகளைப் பின்னறைக்குக் கொண்டுபோகிறார்கள். மிஷினுக்கு விடுகிற எண்ணெயைத் தெளித்துப் புரட்டுகிறார்கள். பூசணம் போய், மிளகு கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று வெளியே வருகிறது. அதை நல்ல மிளகோடு கலந்து சாக்கில் கட்டுவது பொம்பளைகளாகிய எங்கள் வேலை. சாக்கு ஒரு மசாலா கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனிப் பாக்கெட்டை மூலைக்கடையில் வாங்கித்தான் என் மகளுக்கு நான் ரசம் வைக்கிறேன். என்ன ஒரு ஏற்பாடு பார்.

அதே கம்பெனி எங்கள் குடோன் கக்கூஸ் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறது. தவறு நடந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லலாம், சொன்னவர் பெயர் வெளியே வராது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வாளியில் தண்ணீர் பிடிப்பேன். இன்று தூணுக்குப் பின்னால் நின்று பின்னறையை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் படிப்பது மலையாளம். அம்மா எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது இதற்காவது உதவட்டும். இந்த நோட்டுக்குப் பூட்டு வேண்டாம்.

ஜூலை 8

நீல டிக் விழுந்துவிட்டது. சாக்கு தைக்கும்போது எனக்கு நானே சிரித்தேன். பக்கத்தில் இருந்த ராமாத்தக்கா, "ஏண்டி மஞ்சு, முழுகாம இருக்கியா?" என்று கேட்டாள்.

ஜூலை 10

கம்பெனியிலிருந்து பதில். நன்றி, உங்கள் புகாரைப் பரிசீலிக்கிறோம். அதற்கு மேல் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை, இவரிடம் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் தங்கதுரை கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டுகிறார், சுலபத்தில் எதற்கும் அசர மாட்டார். சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"வேலை போச்சுன்னா?"

"பேரு வெளிய வராதாம்."

"யாரு சொன்னா?"

"போஸ்டர்ல போட்டிருக்கு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். ஆனால் அவர் கடைசியில் கேட்டது மட்டும் மனதில் நிற்கிறது. "ராமாத்தக்காகிட்டயாச்சும் சொன்னியா?" சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? தெரியாமல் இருந்தால் அவளுக்குத்தானே நல்லது. அப்படித்தான் நினைத்தேன்.

ஜூலை 14

கம்பெனிக்காரன் என் வீடியோவைக் குடோன் முதலாளிக்கே அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறான். பெயரை வெளியே விடவில்லை, வீடியோவை மட்டும் விட்டிருக்கிறான். எவ்வளவு நாணயம்.

சூப்பர்வைசர் பிரதீஷ் சேட்டன் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி அதைப் போட்டுக் காட்டினார். வீடியோவில் மழைச் சத்தம். மூட்டை மூட்டையாகப் பின்னறைக்குள் போகிறது. யாரோ ஒருத்தி மூச்சுக்குள் எண்ணுகிறாள்: "லாபம், ரெண்டு, மூணு..."

எண்ணினேனா? நானா? எங்கள் ஆட்கள் எதை அளந்தாலும் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அம்மா அரிசி அளந்ததைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். மூட்டையைப் பார்த்ததும் வாய் தானாக ஆரம்பித்திருக்கிறது. ஊரை ஏமாற்றுகிற மிளகுக்கு மங்கலமாக லாபம் சொல்லி உள்ளே அனுப்பி வைத்திருக்கிறேன். இதை நினைத்து அங்கேயே சிரிப்பு முட்டியது, இருமுவது மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இது ஆருடெ சப்தம்?" என்றார் பிரதீஷ் சேட்டன். மழையில் குரல் யாருடையது என்று பிடிபடவில்லை, பிழைத்தேன்.

ஜூலை 15

பிழைக்கவில்லை. பிழைத்தது நான் மட்டும்.

காலையில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கூடை எண்ணச் சொன்னார் பிரதீஷ் சேட்டன். நான் இங்கேயே பிறந்தவள், குடோனில் மலையாளம்தான் பேசுவேன், நான் தமிழ் என்பதே பாதிப் பேருக்கு நினைவில்லை. என் முறை வந்ததும் "ஒந்நு, ரண்டு, மூந்நு" என்று ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். உள்ளுக்குள் ஒரே குதூகலம், ஏமாற்றிவிட்டோமே என்று.

அடுத்தது ராமாத்தக்கா. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள், இத்தனை வருஷத்தில் மலையாளத்துக்கு நாக்கை வளைக்காதவள். முதல் கூடையைத் தொட்டாள். "லாபம்" என்றாள்.

அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் போனில் கேமராவே கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லலை. வாய்ல என்ன வச்சிருந்தேன் நான்? கொழுக்கட்டையா? அங்க நின்னுட்டுத்தானே இருந்தேன். பாத்துட்டுத்தானே இருந்தேன்.

ஜூலை 16

வேலைக்குப் போகவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

"அக்கா, அது நான்தான்."

"தெரியும். உன்ற தொண்டை எனக்குத் தெரியாதா? அந்தாள் போட்டுக் காட்டினப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா லாபம்னு எண்ணுனே?"

"என்னைய எண்ணச் சொன்னாங்க, எண்ணினேன். மொதக் கூடைய வேற மாதிரிச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. உனக்கு எப்படிடி அத்தனை சீக்கிரம் வந்துச்சு?"

சிதறிக் கிடந்த கப்பைத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

"நீ பண்ணினதுல தப்பில்ல" என்றாள் பிறகு. "அந்த நாத்தத்த அஞ்சாறு வருசமா நானும் மோந்துட்டுத்தான் இருக்கறேன். முன்னாலயே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வாயப் பழக்கியிருப்பேனல்லோ. எனக்கு நல்லதுன்னு நீயே முடிவு பண்ணிக்கிட்டே பாரு, அதத்தான் பொறுக்க முடியல."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 17

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும், சாயா குடிக்கிற நேரத்தில், ஒரு பெஞ்சில் ஏறி நிற்காத குறைதான். "வீடியோ எடுத்தது நான்." சொன்ன மறு நிமிஷம் உடம்பே லேசாகிப்போய், நின்ற இடத்திலிருந்து பறந்துவிடுவேன் போல இருந்தது. பிரதீஷ் சேட்டனுக்கு நம்பிக்கையே வரவில்லை. "நீயோ மஞ்சுஷே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் லாபம் சொல்லி எண்ணிக் காட்டிய பிறகுதான் நம்பினார். பொம்பளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். வீடியோவில் இருப்பது இந்தக் குடோன் இல்லை, கோபத்தில் பொய் சொன்னேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நானும் ராமாத்தக்காவும் நாளையே வேலைக்கு வரலாம். போடாவிட்டால் ரெண்டு பேருக்கும் இடமில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவருக்கும் தெரியும், எங்கே பிடித்தால் எனக்கு வலிக்கும் என்று.

ஜூலை 18

அக்காவிடமே கேட்டேன்.

"அனுப்பறப்ப என்னையக் கேட்டியா? இப்ப மட்டும் வந்துட்டா."

"அதுக்குத்தான்க்கா இப்பக் கேக்கறேன்."

வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான், எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதா. "போடாத" என்றாள். "போட்டீன்னா நான் திரும்பப் போயி அந்த மிளகத்தான கட்டோணும்? உன்ற கையெழுத்தும் வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம். நீ கெளம்பு, எனக்கு இன்னும் கோவம் போகல."

போடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஓட்டமும் நடையுமாக வந்தேன். பயமா, சந்தோஷமா? ரெண்டும்தான். வேலை இல்லாதவள் இப்படியா துள்ளிக்கொண்டு நடப்பாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஜூலை 26

கம்பெனியிலிருந்து ஸுப்ரியா என்று ஒரு மேடம் நேரில் வந்து பின்னறையைத் திறக்கச் சொன்னாராம். ஒரு லோடு முழுக்கத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். செய்தி கேட்டு இவர் குப்பை லாரி ஹாரனை எங்கள் தெரு முனையில் விடாமல் அடித்தார். ஊரே எட்டிப் பார்த்தது. மானம் போகிறது என்று ஓடினேன், சிரித்துக்கொண்டே.

ஆகஸ்ட் 4

ஓணத்துக்குச் சரக்குப் போக வேண்டும், கை போதவில்லை. ராமாத்தக்காவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு வைட்டிலாவில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. மிளகு டப்பாவைத் திறந்தால் விரலில் தேய்த்து எண்ணெய் ஒட்டுகிறதா என்று பார்க்கிறேன். மாஸ்டர் முறைக்கிறார்.

ஆகஸ்ட் 9

இன்றும் பஸ்ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 23

சாயங்காலம் கதவைத் தட்டியது அக்கா. உள்ளே வந்து உட்கார்ந்தாள், தண்ணீர்கூடக் கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேஜைமேல் கொட்டினாள். ஒரு பிடி மிளகு, பளபளவென்று.

"மறுக்கா ஆரம்பிச்சுட்டாங்க. பின்னறையில இல்ல, இப்ப மாடியில."

ஒன்றை எடுத்து வெள்ளைத்தாளில் தேய்த்தேன். எண்ணெய்க் கறை பரவியது.

இந்த முறை எல்லாம் சொன்னேன், ஒன்று விடாமல். வேலை போகும், ஓணத்துக்கு முன்னாலேயே போகும், வேறு குடோனில்கூடச் சேர்க்க மாட்டார்கள், யாராவது வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அக்கா கொட்டாவி விட்டாள்.

"தெரியும்டி. அந்தப் போஸ்டர்க்காரனுக்கு வேண்டாம். சர்க்கார் ஆபீசுக்கு எழுது. திங்கக்கெழமை நேர்லயே போயிக் குடுக்கலாம்."

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தேன். மலையாளத்தில் எழுதினேன், அக்கா தமிழில் சொல்லச் சொல்ல. முடிந்ததும், "பேரு போடாமலும் குடுக்கலாம்க்கா" என்றேன்.

"அதத்தான் பண்ணிப் பாத்தாச்சல்லோ. என்ற பேர மேல எழுது. உன்ற பேரக் கீழ எழுது."

எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அக்கா முறைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் வந்துவிட்டது.