பத்து மீட்டருக்குள் என்ன இருக்கிறது?

அன்பு மச்சான் சிவசாமிக்கு,

ஜனக்புரி மொட்டைமாடியில் உன் ஆன்டெனா இன்னும் நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் உன் காதில் ஏறாது.

நீ கண்ணை மூடிய மறுவருஷமே உன் மகள் கமலா அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதித் தன் பேரில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். உன் ரேடியோ செட்டில் உட்கார்ந்து கூப்பிட்டாள், கூப்பிட்டாள், ஒருவரும் பதில் சொல்லவில்லை. அனுப்புகிற சக்தியில் பெரும்பகுதி ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று மீட்டர் காட்டியதாம். தங்கச்சி செல்லம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "அவுகளே போயாச்சு. ஆந்திப் புழுதிக்காத்துல சாஞ்சு யாரு தலையிலயாவது விழுறதுக்கு முன்னால பழைய இரும்பு வாங்குற கபாடிக்காரன்ட்ட போட்டிருவோம்ணே." கெஞ்சி, மழைக்காலம் வரை தவணை வாங்கினேன்.

ஆன்டெனா செய்த கம்பெனி ஜப்பானில். என் டி.வி. கடை லெட்டர்ஹெட்டில் எழுதினேன். பேச்சு என்னுடையது, இங்கிலீஷ் கமலாவுடையது. பதில் வந்தது: அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதியது வாங்கவும், கேட்லாக் இணைத்திருக்கிறோம். மச்சான், லஜ்பத்ராய் மார்க்கெட்டில் தினமும் நான் சொல்கிற வசனம் அது. என்னிடமேயா?

"எழுதும்மா. நீங்களும் விக்கிறவர், நானும் விக்கிறவன். இந்தக் கடிதத்தை ரிப்பேர் பண்றவர் மேஜையில வைங்க."

"மாமா, இப்படியெல்லாம் எழுதலாமா?"

"மரியாதையா எழுது. ஆனா இதையே எழுது."

வைத்திருக்கிறார்கள். அடுத்த பதில் ஓர் இன்ஜினியரிடமிருந்து, கையால் படம் போட்டு. கையெழுத்துக்குக் கீழே அவருடைய ரேடியோ அடையாள எழுத்துகள். உங்கள் கூட்டத்து ஆள்தான்! அவர் சொன்னபடி ஆன்டெனாவை இறக்கினோம். சுருள்களைத் திறந்தோம், தண்ணீர் இறங்கியிருக்கவில்லை. மூட்டுகளைத் தேய்த்து இறுக்கினோம். மறுபடி ஏற்றினால் மீட்டர் அதே இடத்தில். அதையும் எழுதினோம்.

இந்த முறை வந்தது ஒரே கேள்வி: ஆன்டெனாவைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் என்ன உலோகம் இருக்கிறது? வரைந்து அனுப்புங்கள்.

கமலா பென்சிலோடு மாடியேறினாள், பின்னால் நான். அவள் வரைய வரைய நான் எண்ணிக்கொண்டே வந்தேன். உன் ஆன்டெனாவைச் சுற்றிலும் டி.வி. ஆன்டெனாக்கள். கலர் டி.வி. வந்த வருஷம் அந்த பிளாக் முழுக்க விற்றது யார்? மாட்ட ஆள் அனுப்பியது யார்?

"மாமா, எல்லாம் நம்ம கடை சரக்கு!" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வரைம்மா, வரை. கடை பேரை மட்டும் போட்டுடாத."

படத்துக்குப் பதில் வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை; டி.வி. ஆன்டெனாக்களை அங்கிருந்து நகர்த்தக் கிளம்பினேன். மேல்வீட்டு சோப்ராதான் குறுக்கே நின்றார். "கணபதி ஜி, பிக்சர் ஏக்தம் சாஃப், கண்ணாடி மாதிரி இருக்கு. எதுக்குக் கை வைக்கணும்?"

"இந்த ரேடியோவால ஞாயித்துக்கிழமை படத்துல கோடு விழுதுன்னு சிவசாமியோட சண்டை போட்டீங்களே சாப்! தள்ளி வெச்சா உங்களுக்கும் நல்லதுதான்."

அரை மனசோடு தலையாட்டினார். மாடியின் மறுகோடியில், படிக்கட்டு முடிகிற மம்டி அறைக்கு மேலே, ஒரே கம்பத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டினோம். மீட்டர் முள் இறங்கியது.

முதல் மழைக்கு முந்தின ஞாயிறு கமலா கூப்பிட்டாள். மெட்ராஸிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். சந்தோஷத்தில் அவள் கத்திய கத்தலுக்கு அடுப்படியிலிருந்து செல்லம்மா குரல்: "ஏட்டி, மெதுவாப் பேசு! மெட்ராஸுக்கு ரேடியோ இல்லாமலே கேட்டிரும். அப்படியே அப்பன்!" பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கபாடிக்காரன் பேச்சு அத்தோடு நின்றது.

எனக்குத்தான் ஒன்று உறுத்துகிறது. கடைசி வருஷம் "வானம் சரியில்ல மச்சான், ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்கான்" என்பாயே. அவ்வளவு படித்தவனுக்கு உன் மாடியில் என்ன முளைக்கிறது என்று தெரியாதா? தெரிந்தும், என் வியாபாரம் கெடுமே என்று வானத்தின் மேல் பழியைப் போட்டாயா? சொல்லித் தொலைத்திருக்கலாமே.

இனி அந்த பிளாக்கில் யார் ஆன்டெனா வாங்கினாலும் மம்டிக்கு மேலேதான் ஏறும். கம்பத்துக் குழாய்க்குக் காசு வாங்குவேன், மாட்டுகிற கூலியை நானே கொடுத்துவிடுவேன். அந்தப் பத்து மீட்டருக்குள் ஒரு துணிக்கம்பிகூட வராது. அது கமலாவின் இடம்.

செல்லம்மாவுக்கு அண்ணன், கமலாவுக்கு மாமா,
உனக்கு என்றும் மச்சான்,
கணபதி